பன்னண்டு மணிக்காரி

வேலூர் வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்கள் வாயைத் திறந்தாலே எனக்கு எரிச்சல் வரும். "ஐயோ, அந்த ஊர்லயா இருக்கீங்க? எப்படித்தான் தாங்கறீங்களோ!" என்று உச்சுக்கொட்டுவார்கள். எப்படித் தாங்குவோம்? வியர்த்து வழிந்து, வெயிலைத் திட்டி, மோரைக் குடித்துத் தாங்குவோம். வியர்க்கிற வரைக்கும் கவலையில்லை. வியர்வை நின்று, தோல் காய்ந்து, உடம்பு கொதித்தால்தான் ஆபத்து என்பது இப்போது எங்கள் ஊரில் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு கோடையில் தனியாக இருந்த வயசானவர்கள் நிறையப் பேர் அப்படித்தான் சாத்திய கதவுக்குப் பின்னாலேயே போய்ச் சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் ‘விசாரிப்பு’.

விசாரிப்பு என்பது ஒரு குரல். கத்திரி வெயில் தொடங்கிய நாளிலிருந்து தனியாக வசிக்கும் ஒவ்வொருவருக்கும் உச்சிவேளையில் அதனிடமிருந்து போன் வரும். ஒரே நேரத்தில், ஊர் முழுக்க. "வணக்கம்மா, எப்படி இருக்கீங்க? தண்ணி குடிச்சீங்களா? சாப்பிட்டாச்சா?" என்று நல்ல வீட்டுப் பெண் மாதிரி கேட்கும். அரசாங்கம் வைத்த பெயரை யார் சொல்கிறார்கள்? ஊருக்கே அவள் ‘பன்னண்டு மணிக்காரி’.

நான் கோகிலவாணி. பன்னண்டு மணிக்காரியின் ஆபீசில் எனக்கு வேலை. பெயருக்கேற்ற குரல் எனக்கு அமையவில்லை, சண்டைக்காரி குரல். என்னை எடுத்தது காதுக்காக. அவளுக்குப் புரியாத பதில்களை நான் கேட்டுச் சொல்ல வேண்டும். வேலையில் சேர்ந்த அன்று, அவளைச் செய்த இன்ஜினியர் தன்வீர் எனக்குப் பாடம் எடுத்தார். நாற்பது வயதிருக்கும், மெல்லிய ஆள், யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேச மாட்டார்.

"மேடம், இவ பதிலைக் கேக்கறதில்ல. தொண்டையைத்தான் கேக்கறா. உடம்புச் சூடு ஏறினா முதல்ல காட்டிக் குடுக்கறது பேச்சுதான். நாக்கு வறண்டிடும், ‘ழ’ வழுக்கும், மூச்சு நடுவுல அறுந்துபோகும்."

"நம்ம ஊர்ல ‘ழ’ யாரு தம்பி சொல்றாங்க? வாழைப்பழமே வாயப்பயம்தான்."

அவர் சிரித்தார். "அதையும் சொல்லிக் குடுத்திருக்கேன் மேடம். ஒவ்வொருத்தருக்கும் வழக்கமா ஒரு பேச்சு இருக்கும். அதுலேர்ந்து எவ்வளவு மாறுதுன்னுதான் பாப்பா. மோசமா மாறினா சிவப்பு. உடம்பைக் குளிர வைக்க ஐஸும் ஆளுமா குளிர் வண்டி போகும். மாறலன்னாலோ, முன்னைவிட நல்லாயிருந்தாலோ பச்சை. நடுவுல மஞ்சள். அது உங்க காதுக்கு வரும்."

"இத்தனை ஆயிரம் பேர்கிட்ட ஒரே நேரத்துல எப்படித் தம்பி பேசுவா?"

"சுருக்கமாப் பேசினாப் பேசலாம். நம்ம ஜனங்க ‘நல்லாருக்கேன்’னு சொல்லிட்டு வைக்கவா செய்யறாங்க? எதுத்த வீட்டுல சண்டை, மாடி வீட்டுல கல்யாணம்னு ஆரம்பிச்சிடுவாங்க. அதுக்கு ஒரு வடிகட்டி வச்சிருக்கேன். அடுத்தவங்க கதை வந்தா, ‘உங்களைப் பத்தி மட்டும் சொல்லுங்க’ன்னு மரியாதையா வெட்டிடுவா. ஊர்க்கதை வடிகட்டின்னு பேரு வச்சேன்."

எனக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்துப்போனது. எங்கள் தெருவுக்கே ஒன்று வாங்கி மாட்டலாம் போலிருந்தது.

இப்போது என் அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சண்முகப்பிரியா, என் வீட்டுக்காரரின் அக்கா. என் வீட்டுக்காரர் போய்ப் பல வருடமாகிறது. நாத்தனார் உறவு மட்டும் போகவில்லை. அவருக்கு நான், எனக்கு அவர், வேறு யாரும் கிடையாது. அதற்காக ஒரே வீட்டில் இருந்துவிட முடியுமா? அவர் காகிதப்பட்டறையில் ஒரு மொட்டை மாடி வீட்டில், நான் வேலப்பாடியில். தினமும் காலையில் போன் பண்ணுவார். அவர் புலம்புவார், நான் திட்டுவேன். இருவருக்கும் பொழுது நன்றாக விடியும்.

விதிப்படி நான் மஞ்சளை மட்டும்தான் கேட்க வேண்டும். ஆனால் அண்ணியின் போனை மட்டும் தினமும் திருட்டுத்தனமாகக் கேட்பேன். மற்றவர்களுக்கு சீரியல், எனக்கு அது.

"வணக்கம்மா, எப்படி இருக்கீங்க?"

"எப்டிக்கீறேனா? வெந்துக்கீறேன்டி! இட்லிப் பானைக்குள்ள உக்காந்து பாரு, தெரியும். நீ நல்லா ஏசி ரூம்ல குந்திக்கினு கேளு."

"தண்ணி குடிச்சீங்களா அம்மா?"

"தண்ணியா அது? கொழாயத் தொறந்தா வெந்நி. டீத்தூளு போட்டா டீ. செத்தாத்தான்டி வண்டி அனுப்புவே நீ."

முதல் வருடம் பன்னண்டு மணிக்காரி இதைக் கேட்டு அரண்டுபோய் மூன்று தடவை வண்டி அனுப்பினாள். மூன்று தடவையும் அண்ணி டிரைவர் தர்ஷனுக்கு நீர்மோர் கொடுத்து, "உம் பொழப்பு இப்டி வெயில்ல அலையுதே கண்ணு" என்று அவனுக்காகக் கொஞ்சம் புலம்பிவிட்டுத் திருப்பி அனுப்பினார். அதன் பிறகு அண்ணிக்கு வழக்கமே புலம்பல்தான் என்று அவள் கற்றுக்கொண்டாள். அண்ணி எவ்வளவு கத்தினாலும் பச்சைதான்.

இந்தக் கதை நடந்த வருடம் கத்திரி கொஞ்சம் கொடூரமாகவே வந்தது. ஊருக்கு வேண்டிய அளவு வண்டிகள் இல்லை. எந்த ஊரில்தான் இருக்கின்றன? யாரோ ஒரு பெரிய அதிகாரிக்கு யோசனை தோன்றி, ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாக அறிவித்தார்கள். "பொதுமக்கள் தேவையில்லாமல் புலம்பி வண்டியைத் திசைதிருப்ப வேண்டாம். உங்கள் புலம்பல் இன்னொருவரின் உயிர்." எங்கள் ஆபீஸ் வாசலிலும் அந்த ஆட்டோ போயிற்று. நல்ல வாசகம் என்றுகூட நாங்கள் பேசிக்கொண்டோம்.

அடுத்த நாள் காலை அண்ணியிடமிருந்து போன் வரவில்லை. கோயிலுக்குப் போயிருப்பார் என்று விட்டுவிட்டேன். உச்சிவேளையில் வழக்கம்போல அவர் போனைத் திறந்து, சிரிக்கத் தயாராக உட்கார்ந்தேன்.

"வணக்கம்மா, எப்படி இருக்கீங்க?"

"பரவால்லம்மா."

"தண்ணி குடிச்சீங்களா?"

"ஆச்சும்மா."

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு."

"ஏதாவது உதவி வேணுமா அம்மா?"

"ஒண்ணும் வேணாம்மா. நீ பாரு உன் வேலைய."

போன் வைக்கப்பட்டது. திரையில் அண்ணியின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை. கீழே ஒரு குறிப்பு வேறு: ‘முன்னைவிட நலம்.’

இவர் யாரை அம்மா என்கிறார்? அந்த மெஷினை இத்தனை நாளும் வாடி போடி என்று பேசியவர்! உடனே அவருக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டேன். தன்வீரிடம் ஓடினேன்.

"தம்பி, எங்க அண்ணிக்கு வண்டி அனுப்புங்க."

அவர் திரையைப் பார்த்தார். "பச்சையா இருக்கு மேடம். குரல்ல பதட்டமே இல்ல. நல்லா அமைதியாத்தானே பேசியிருக்காங்க?"

"பரவால்லன்னு சொன்னாங்க தம்பி!"

"அது நல்ல வார்த்தைதானே?"

எனக்கு வந்த கோபத்தில் மேசையைத் தட்டிவிட்டேன். "உங்க வீட்டுல உங்கம்மா ‘பரவால்ல’ன்னு எப்ப சொல்லுவாங்க? யோசிச்சுச் சொல்லுங்க."

தன்வீர் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகம் மாறியது. "இடுப்பு எலும்பு உடைஞ்சு கிடந்தப்ப சொன்னாங்க. ‘பரவால்ல, நீ ஆபீஸ் போ’ன்னாங்க" என்றார்.

"அப்ப வண்டி அனுப்புங்க!"

"காலியா ஒரு வண்டியும் இல்ல மேடம். ஒண்ணே ஒண்ணு சலவன்பேட்டைக்குப் போயிட்டிருக்கு. அங்க சிவப்புல ஒருத்தர் கிடக்கறாரு. அதைத் திருப்ப மாட்டேன். நீங்களும் திருப்பச் சொல்ல மாட்டீங்க."

சொல்லத்தான் நினைத்தேன். என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அந்தச் சலவன்பேட்டை மனிதர் யாரோ, எனக்கு என்ன என்றுதான் அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது. தன்வீர் அதற்குள் துண்டுகளைத் தண்ணீரில் முக்கி ஒன்றை என் தலையில் போட்டார். "என் ஸ்கூட்டர் கீழ இருக்கு. வாங்க" என்றார்.

பன்னிரண்டிலிருந்து நான்கு வரை யாரும் தெருவில் இறங்கக் கூடாது என்பது சட்டம். நாங்கள் இறங்கினோம். கோட்டை மதில் ஓரமாக ஒரு ஈ காக்கை இல்லை. கடைகளெல்லாம் ஷட்டரை இறக்கியிருந்தன. காற்று அடித்தது, அடிக்காமல் இருந்தால் தேவலாம் போலிருந்தது. ஈரத்துண்டு பாதி வழியிலேயே காய்ந்து மொறமொறவென்றாகிவிட்டது. வழி நெடுக நான் அண்ணியைத் திட்டிக்கொண்டே போனேன். என்னோடு வந்து இருங்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! திட்டுவதை நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

அண்ணி வீட்டு வாசலில் ஸ்கூட்டர் நின்றதும் கீழ் வீட்டு நஸ்ரீனம்மா கதவைத் திறந்துகொண்டு வந்தார். அவரும் தனி ஆள், மூட்டுவலிக்காரர், படியேற முடியாது.

"இப்பத்தான் வரீங்களா? எவ்வளவு நேரமாச்சு நான் சொல்லி!" என்றார்.

"யார்கிட்டமா சொன்னீங்க?"

"பன்னண்டு மணிக்காரிகிட்டத்தான். எப்படி இருக்கீங்கன்னு கேட்டா. என்ன விடுமா, மேல் வீட்டம்மாகிட்டேர்ந்து காலைலேர்ந்து ஒரு சத்தமும் இல்ல, கொழா தொறக்கற சத்தம்கூட இல்ல, படில நின்னு கூப்ட்டா பரவால்லங்கறாங்க, கொஞ்சம் ஆளனுப்புன்னேன். ‘நன்றிம்மா, உங்களைப் பத்தி மட்டும் சொல்லுங்க’ன்னுட்டா."

தன்வீர் அப்படியே நின்றுவிட்டார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறினேன்.

கதவு சும்மா சாத்தியிருந்தது. அண்ணி சமையலறைத் தரையில், போன் பக்கத்தில் கிடக்க, சுவரோடு ஒண்டிப் படுத்திருந்தார். தொட்டால் கை சுட்டது, ஒரு சொட்டு வியர்வை இல்லை. மோட்டார் எரிந்துபோய் மாடிக்குத் தண்ணீரே ஏறவில்லை. கேனும் காலி. கண் திறந்திருந்தது, என்னை அடையாளம் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி, "ஸ்கூலுக்குப் போய்ட்டு வந்துட்டியாடா?" என்றார்.

என் கையிலிருந்த பாட்டிலைத் திறந்து அவர் வாயில் வைக்கப் போனேன்.

"வாயில ஊத்தாதீங்க மேடம், புரையேறிடும்! உடம்பை நனைங்க" என்றார் தன்வீர். கீழே ஓடி நஸ்ரீனம்மா வீட்டிலிருந்து ஒரு குடம் தண்ணீரும் ஃப்ரிட்ஜிலிருந்த ஐஸ் அத்தனையும் கொண்டுவந்தார். அண்ணியின் சேலையோடு தண்ணீரைக் கொட்டினோம். ஐஸைத் துணியில் கட்டிக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைத்தோம். நான் முறத்தால் விசிறிக்கொண்டே இருந்தேன். தன்வீர் துணியை நனைப்பதும் பிழிவதும் போடுவதுமாக இருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ‘அண்ணி, புலம்புங்களேன், ஒரே ஒரு வார்த்தை புலம்புங்களேன்’ என்று சத்தமாகவே கெஞ்சினேன்.

அண்ணியின் கண் மெல்ல அலைந்து தன்வீரிடம் போய் நின்றது. நெற்றி சுருங்கியது.

"யார்றா நீ? துணியப் புழியத் தெரியுதா பாரு. சொட்டச் சொட்டப் போடறான். வீடெல்லாம் ஈரம்" என்றார்.

நான் முறத்தைப் போட்டுவிட்டு ஓவென்று அழுதேன். அந்தப் புலம்பலைப் போல இனிப்பான பேச்சை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. சலவன்பேட்டை மனிதரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வண்டி வந்தது. அவரும் பிழைத்துக்கொண்டார் என்று தர்ஷன் சொன்னபோதுதான், வாய் வரைக்கும் வந்த அந்த வார்த்தை என்ன செய்திருக்கும் என்று எனக்கு உறைத்தது.

ஆஸ்பத்திரியில் அண்ணிக்குத் தெளிந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏன் அண்ணி பரவால்லன்னு சொன்னீங்க? என்ன கேடு உங்களுக்கு?"

"மைக்கு வச்சிக் கத்திக்கினு போனானே, கேக்கல? எம் புலம்பல் இன்னொருத்தர் உசுராம். அங்க ஏதாச்சும் புள்ளத்தாச்சி கெடந்து, எனக்குன்னு அந்த வண்டி வந்துட்டா? அந்தப் பாவம் எனக்கெதுக்குடி" என்றார். பிறகு, "உங்கிட்டப் பேசினா வாய் தானாப் பொலம்பும். அதான் காலைல போன் பண்ணல" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

தன்வீர் மூன்று நாள் தன் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கவில்லை. நான்காம் நாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். வடிகட்டி வெட்டி எறிந்த பேச்சுகள் எல்லாம் அழியாமல் கிடங்கில் இருந்திருக்கின்றன. போன கோடையில் பச்சையிலேயே இறந்துபோனவர்களின் அக்கம்பக்கத்து வீட்டுப் பேச்சுகளைத் தேடி எடுத்திருந்தார்.

"கேளுங்க மேடம்" என்றார்.

கேட்டேன். "எதுத்த வீட்டு சார் பேப்பர்கூட எடுக்கலம்மா..." "பின்னாடி வீட்டுல துணி ரெண்டு நாளாக் கொடியிலயே கிடக்குது..." "அந்த அக்கா இன்னிக்குக் கோலம் போடலயே, என்னான்னு பாரேன்..." ஒவ்வொன்றுக்கும் பின்னால் அந்த நல்ல வீட்டுப் பெண்ணின் குரல். "நன்றி, உங்களைப் பத்தி மட்டும் சொல்லுங்க."

"நேரத்தை மிச்சம் பண்ணத்தான் மேடம் அதை வச்சேன். சொல்லியிருக்காங்க. எல்லாரும் சொல்லியிருக்காங்க. நான்தான் காதைப் பொத்தியிருக்கேன்" என்றார் தன்வீர்.

அவர் அழுதுகொண்டிருந்தார். அந்த வடிகட்டியின் பெயரைக் கேட்டுச் சிரித்தவள்தானே நானும். "தம்பி, நம்ம ஜனங்க தன் கஷ்டத்தக் கேட்டா பரவால்லன்னுதான் சொல்லும். பக்கத்து வீட்டுக் கஷ்டத்தக் கேளுங்க, மூச்சு விடாமச் சொல்லும்" என்றேன்.

"அதையே கேக்க வச்சா?" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அப்படித்தான் கேள்வி மாறியது. அடுத்த வாரத்திலிருந்து பன்னண்டு மணிக்காரி, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, "அக்கம்பக்கத்துல, தெரிஞ்சவங்க எல்லாம் எப்படி இருக்காங்க?" என்றும் கேட்டாள். அடேயப்பா! ஊரே மடை திறந்துவிட்டது. முதல் நாள் லைன் திணறி இரண்டு மணி வரை அவளால் முடிக்க முடியவில்லை. கேட்கக் கூடாததெல்லாம் என் காதில் விழுந்தன. எவன் வீட்டுக்கு எவன் வருகிறான், எந்த மருமகள் யாரோடு பேசுவதில்லை எல்லாம். ஒரு வக்கீல் வந்து, "பக்கத்து வீட்டை வேவு பாக்கச் சொல்றீங்களா?" என்று சண்டை போட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. வெயிலுக்குச் சம்பந்தமில்லாத பேச்சைக் கேட்ட மாத்திரத்தில் அழித்துவிடும்படி தன்வீர் அவளை மாற்றினார். ஆனாலும் ஒரு சங்கடம் எங்கள் இருவருக்கும் மிச்சம் இருக்கிறது. அந்தக் கோடையில் பச்சையில் யாரும் சாகவில்லை என்பதால் அந்தச் சங்கடத்தோடு இருக்கப் பழகிக்கொண்டோம்.

அண்ணி கீழ்த்தளத்தில் நஸ்ரீனம்மாவுக்கு எதிர் வீட்டுக்கு இறங்கிவந்தார். "என்கூட வந்து இருங்க" என்று மறுபடி கேட்டேன். "உன் வாய்க்கு வெயிலே தேவலாம்" என்றுவிட்டார்.

இந்த வருடக் கத்திரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. லீவுதானே என்று விடியற்காலையில் மொட்டை மாடியில் வடாம் பிழிந்தேன். ஒரு ஈடு, இன்னொரு ஈடு என்று பிழிந்து முடிக்கும்போது வெயில் நன்றாக ஏறிவிட்டது. இறங்கி வந்ததும் தலையை வலித்தது. அண்ணி போன் பண்ணினார். ஏதோ புலம்பினார், நானும் ம் கொட்டிவிட்டு வைத்தேன். சமைக்கப் பிடிக்காமல் படுத்துக்கொண்டேன். உச்சிவேளையில் போன் அடித்தது. நானும் தனியாக இருப்பவள்தானே.

"வணக்கம்மா, எப்படி இருக்கீங்க?"

"பரவால்லம்மா" என்றேன். சொன்னது என் காதிலேயே விழவில்லை.

"தெரிஞ்சவங்க எல்லாம் எப்படி இருக்காங்க?"

"எங்க அண்ணிக்குக் கால்ல வீக்கம். யாராச்சும் போய்ப் பாருங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடினேன்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். குளிர் வண்டி நின்றிருந்தது. தர்ஷன் படியேறி வந்துகொண்டிருந்தான்.

"இங்க எதுக்குப்பா வந்தே? நான் வண்டி கேக்கலயே" என்றேன்.

"நீங்க கேக்கல மேடம். உங்க நாத்தனார் கேட்டாங்க." அவன் போனில் வந்திருந்த வரியை அப்படியே படித்தான். "‘காலைல அரை மணி நேரம் அவளுக்குக் கோபம் வர்ற மாதிரியே பேசினேன். ஒரு வார்த்தை என்னைத் திட்டல. ஒடனே வண்டிய அனுப்பு. போய்க் கேட்டா பரவால்லம்பா, நம்பாத.’"

"அவங்க கெடக்கறாங்க. எனக்கு ஒண்ணும் இல்லப்பா, பரவா..." என்று ஆரம்பித்தேன்.

தர்ஷன் சிரித்துக்கொண்டே என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தான். சிரிப்பை நிறுத்திவிட்டு என் தோளைத் தாங்கிப் பிடித்தான்.